மூன்றாம் மாடியில் ஒரு பண்ணை வீடு

எங்கள் குடும்பத்துக்கும் பண்ணைக்கும் இருந்த ஒரே உறவு முட்டை. அதையும் கீழே மூலைக் கடையில், அட்டையில் முப்பதாக அடுக்கி வைத்திருப்பதிலிருந்துதான் வாங்குவோம். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் அப்பா வேலை செய்யும் சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம். பின்னோக்கி வரும் பஸ்ஸுக்கு யாராவது விசிலடித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த வீட்டைத்தான் நான் பண்ணை வீடாக மாற்றுவதென்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ய நீ யார் என்று கேட்டால், பகல் முழுக்க வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அண்ணன் பஸ் நிலையப் பட்டறையில் டயர் மாற்றுகிறான். அப்பா பல்செட் செய்கிறார். பின்னறையில் உட்கார்ந்துவிட்டால் அவர் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு ஏறாமல் இல்லை. எழுந்து நின்று வாசி என்பார்கள். எழுந்து நிற்பேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. வகுப்பே காத்திருக்கும், மின்விசிறி சுற்றும், நான் நிற்பேன். ஒரு வருஷம் இப்படி நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். பேச வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதி மெத்தைக்கு அடியில் வைப்பேன். ஏழு நோட்டு சேர்ந்துவிட்டது. என் பக்கத்து மெத்தை மட்டும் கொஞ்சம் மேடாக இருக்கும். அம்மா அதைப் பஞ்சு திரண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பண்ணை வீடு எனக்குப் போனில் கிடைத்தது. அதில் ஒரு பெண்மணி வருவாள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, மர மேசை, தகரக் குவளையில் காய்ந்த புல். குழந்தையைத் தூங்க வைக்கும் குரலில் பேசுவாள். “பொருளைக் குறையுங்கள், மனம் லேசாகும்” என்பாள். சோப்பு, பல்பொடி, உதட்டுக்குப் பூசும் மெழுகு எல்லாம் அவளே செய்துகொள்வாள். அவள் வீட்டில் யாரும் வேலைக்குப் போய் வந்த மாதிரியே தெரியாது. ஒரு செருப்புகூடக் கண்ணில் படாது. எங்கள் வாசலில் அண்ணனின் கிரீஸ் படிந்த பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

முதலில் பிளாஸ்டிக் பூக்களை ஒழித்தேன். பிறகு நாட்காட்டி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பழங்கள், சோபா உறை. ஆப்பிள் வந்த மரப்பெட்டிகளைப் பழக்கடையில் கேட்டு வாங்கி அலமாரி ஆக்கினேன். கேட்டு வாங்கினேன் என்றால், பெட்டிகள் முன்னால் போய் நின்றேன். கடைக்காரர் பாவம் பார்த்துக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் ஒரு பெட்டியில் ஆணி நீட்டிக்கொண்டே இருந்தது. வீட்டில் எல்லோருடைய வலது முழங்கையிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் கீறல். பஸ் நிலையத்துச் சுவர் ஓரமாக வளர்ந்த புல்லை அறுத்துக் காயவைத்துக் குவளையில் செருகினேன். அதிலிருந்து என்னென்னவோ இறங்கி மேசைமேல் நடந்தன. இயற்கை என்றால் அப்படித்தான் என்றேன்.

திரைச்சீலைக்கு, அம்மாவின் வேலையிடத்தில் கழித்துப் போட்ட வெள்ளை விரிப்புகள் கிடைத்தன. ஆஸ்பத்திரி முத்திரையை மடிப்புக்குள் மறைத்துத் தைத்தேன். காற்று அடிக்காத வரை அழகாகத்தான் இருந்தது. அடித்தால் ‘பெண்கள் பிரிவு – 6’ என்று நீலத்தில் தெரியும்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். “ஏண்டி, பார்வையாளர் நேரம் எத்தனை மணிக்கு? நான் உள்ள வரலாமா?”

அன்றிலிருந்து எனக்குப் பண்ணையார் என்று பெயர்.

வீட்டோடு விட்டிருக்கலாம். ஆட்களின் உடம்பிலும் கை வைத்தேன். ஷாம்புவை நிறுத்திவிட்டு சமையல் சோடாவும் வினிகரும் போட்டுத் தலைக்குக் குளித்தேன். மூன்றாம் நாள் என் தலைமுடி, தரை தேய்க்கும் பிரஷ் எனக்கு அக்கா என்று சொல்லும் நிலைக்கு வந்தது. அண்ணனுக்கு அக்குள் பவுடர் செய்து கொடுத்தேன். அவன் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய், கை தூக்கும்போதெல்லாம் மாவு உதிர்வதாகப் பட்டறையில் பெயர் வாங்கி வந்தான். பற்பசையை ஒழித்துவிட்டு, வெள்ளைக் களிமண் பொடி, சோடா, உப்பு, நாலு சொட்டு லவங்க எண்ணெய் கலந்து பல்பொடி செய்தேன். அது மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சிறந்த பொருள் அதுதான். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

போன் பெண்மணிக்கு ஒரு விதி உண்டு. எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடியில் போட வேண்டும், மேலே எதுவும் எழுதி ஒட்டக்கூடாது. எழுத்து கண்ணை உறுத்துமாம். நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிற நான் இதற்குத் தலையாட்டினேன் பாருங்கள். ஜாம் கடைக்காரர் கழித்த இருபத்திரண்டு ஜாடிகளை வெந்நீரில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, வரிசையாக நிறுத்தினேன்.

“சர்க்கரை எதுடி?” என்றாள் அம்மா மறுநாள் காலையில், கையில் டீயோடு.

“நக்கிப் பார்த்தா தெரியும்மா.”

“இது உப்பு.”

“அப்போ பக்கத்துல இருக்கறது சர்க்கரை.”

“நல்லா எளிமையாத்தான் இருக்கு” என்று அந்த டீயைத் தொட்டியில் கொட்டினாள். ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஜாடியைத் திறந்ததும் விரலை விட்டு நக்கப் பழகிவிட்டோம்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். “வீட்டை என்ன வேணா பண்ணிக்கோ பாப்பா. என் ரூம்ல மட்டும் கை வைக்காதே.”

நான் கை வைக்கவில்லை. ஒரே ஒரு தகர டப்பாவைத்தான் பார்த்தேன். துருப்பிடித்து, பெயிண்ட் வழிந்து, கண்றாவியாக இருந்தது. பல்செட் செய்ய முதலில் வாயின் மாதிரி வேண்டும். அதை வார்க்கும் வெள்ளை பிளாஸ்டர் பொடி அந்த டப்பாவில்தான் இருந்தது. அதை ஒரு ஜாடிக்கு மாற்றினேன். செவ்வாய்க்கிழமை காலை துடைப்பதற்காக எல்லா ஜாடிகளையும் ஒரே மேசையில் இறக்கினேன். துடைத்து ஏற்றினேன். பளபளவென்று இருந்தன. எது எங்கே போனது என்பதை நான் கவனிக்கவில்லை.

இங்கே மைக் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஜன்னல் வழியாக வருஷக்கணக்கில் ஒரு குரல் வரும். “பழைய பாலம் வழியாகச் செல்லும் பேருந்து, மூன்றாம் நடைமேடையிலிருந்து, இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்.” பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவர். முகம் தெரியாது, மைக் அக்கா என்போம். அம்மா அந்தக் குரலைக் கேட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். நான் பாத்திரம் கழுவும்போது அக்காவோடு சேர்ந்து வாயசைப்பேன். சத்தம் வராமல்தான். பத்து நாளாக அந்தக் குரல் வரவில்லை. யாரோ ஒரு ஆள் மைக்கில் இருமிவிட்டு, பஸ் போன பிறகு பஸ் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு நாள் வேலைக்குத் தாமதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிடும்போது அப்பா சொன்னார். “மைக் அம்மாவோட பல்லு இப்போ நம்மகிட்டதான் வருது. வெளிய சொல்லிடாதே.”

மைக் அக்காவுக்கு முன்பல் நான்கும் கட்டுப்பல்லாம். அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. நடைமேடையில் நின்று தும்மியிருக்கிறார். பல் தெறித்து விழுந்திருக்கிறது. அதன்மேல் பஸ் பின்னோக்கி ஏறிவிட்டது. தொண்டை சரியில்லை என்று சொல்லி விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் கிடக்கிறார். வியாழக்கிழமையோடு விடுப்பு முடிகிறது. வெள்ளிக்கிழமை காலை அவர் வந்து உட்காராவிட்டால், அந்த இடத்தில் பதிவு செய்த குரல் போடும் மெஷின் வந்துவிடும். அட்டைப் பெட்டியில் ஏற்கெனவே வந்து இறங்கியாகிவிட்டதாம்.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அவங்களும் வெளியூர்ல மெஷின்லயே பல்லு செய்யற ஆளுங்களைப் போய்ப் பாத்துட்டு வந்திருக்காங்க. இந்த ஒண்ண வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாக் குடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்னாங்க.”

அப்பாவுக்கு வேலை கொடுப்பது டாக்டரம்மாவின் அந்த ஒரே பல் ஆஸ்பத்திரிதான். ஆக இரண்டு மெஷின்கள் இரண்டு பேருக்காகக் காத்திருந்தன. நடுவில் நாலு பல்.

ஒரு மணிக்கு அச்சு வந்தது. வாயில் ஒரு ரோஸ் நிறக் களியை வைத்து டாக்டரம்மா எடுக்கும் அச்சு. ஈரத்துணியில் சுற்றி வரும். காய்ந்தால் சுருங்கிவிடும், வந்த உடனே பிளாஸ்டரை ஊற்றிவிட வேண்டும். அப்பா தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி, டாக்டரம்மாவிடம் “ஆமாம்மா, சரிம்மா” என்று பேசிக்கொண்டே, கையை நீட்டி ஜாடியை எடுத்து, தண்ணீரில் பொடியைப் போட்டுக் கலக்கி ஊற்றினார். லவங்க வாசனை அடித்திருக்கும். அந்த அறையில் எப்போதும் லவங்க எண்ணெய் வாசனைதான். அவர் சட்டையே அப்படித்தான் மணக்கும்.

ஒரு மணி நேரத்தில் கல்லாக இறுகியிருக்க வேண்டும். நாலு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அப்பா அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்தது தயிர் மாதிரி ஆடியது.

“தண்ணி ஜாஸ்தியாயிடுச்சா?” என்றார். என்னிடம் இல்லை. “பொடி பழசா? போன வாரம்தானே வாங்கினேன்.” கொஞ்ச நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கை போயிடுச்சா எனக்கு?”

எனக்கு ஜாடி விஷயம் அப்போது உறைக்கவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. காலையில் ஜாடிகளைத் துடைத்த மேசை கண்முன் வந்தது. வாய் திறக்கவில்லை. வழக்கம்தானே.

ஐந்தரைக்கு அண்ணன் வந்தான். யாரையோ பார்க்கப் போகிறானாம். யாரென்று சொல்லவில்லை, மதியம் வெங்காயம் தின்றேன் என்று அவசரமாகப் பல் தேய்க்கப் போனதை வைத்து நாங்களே புரிந்துகொண்டோம். கழுவும் இடத்து ஜாடியிலிருந்து பொடியை உள்ளங்கை நிறையக் கொட்டி, வாய் கொள்ளாமல் போட்டுத் தேய்த்தான். அவனுக்கு எதிலும் அளவு கிடையாது.

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். “ம்ம்ங்ஙா! ஏய் ஃபண்ணையா!”

ஓடினேன். கண்ணாடி முன்னால் நின்று வாயைச் சுட்டிக்காட்டிக் குதித்துக்கொண்டிருந்தான். துப்பினால் கட்டி கட்டியாக வந்தது. “ஷூடாவுது! உள்ள ஷூடாவுது! உன் ஃபல்பொடி வாய்க்குள்ள ரோடு ஃபோடுது!”

அப்பா டார்ச்சோடு வந்தார். “திற. இன்னும் பெரிசா.” தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு சின்னக் கரண்டியால் ஈறோரம் தட்டி ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதில் அண்ணனின் கடைவாய்ப்பல் ஒன்று வரிவரியாக அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

“நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார் அப்பா, தன்னை மறந்து. “பதம் ரொம்பச் சரி.”

பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா.”

நான் சுவரைப் பார்த்தேன். அப்பா தன் அறைக்குப் போனார். ஜாடியைத் திறந்து, நாங்கள் எல்லோரும் பழகியிருந்தபடியே, விரலை விட்டு நக்கினார்.

“உப்பு” என்றார்.

அம்மா ஆறு மணிக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டாள். அண்ணன் வாய் கொப்பளித்துக் கொப்பளித்துத் தொட்டியை அடைத்திருந்தான். அப்பா திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. “நாளைக்குக் காலைல போய்ச் சொல்லிடறேன்” என்றார். “மறுபடி அச்சு எடுத்துக் குடுத்தா ரெண்டு நாள்ல முடிச்சிடலாம். டாக்டரம்மா பதினொரு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம்தான் வருவாங்க.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“கை தவறிடுச்சுன்னு.”

“அப்படிச் சொன்னா அதோட முடிஞ்சுது. இனி ஒரு பல்லும் வராது.”

“வேற என்ன சொல்றது? என் பொண்ணு வீட்டை அழகு பண்ணினான்னா?”

காற்று அடித்தது. திரையில் ‘பெண்கள் பிரிவு – 6’ வந்து போனது.

“அந்த மைக் அம்மாவைக் கூட்டிட்டு வரணுமே” என்றாள் அம்மா. “போன் எடுக்க மாட்டாங்க, பேச வெக்கப்பட்டுக்கிட்டு. எனக்கு ஏழு மணிக்கு பஸ். இவ போகட்டும்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியைக் கடைக்கு அனுப்பலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

“இவளா?” அண்ணனுக்கு இன்னும் ஒரு பக்கம்தான் வாய் அசைந்தது. “இவ போய் வாசல்ல நிப்பா. பால் குடுக்க வந்த பொண்ணுன்னு நெனச்சு அவங்க பாத்திரம் நீட்டுவாங்க. இவ அதையும் வாங்கிட்டு வந்துடுவா.”

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போய் வாசலில் நின்றேன். அண்ணன் சொன்னது பாதி பலித்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு, தரைத்தளம். கதவைத் திறந்தவர் வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். புருவத்தை உயர்த்தி என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மூடினேன். அவரும் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். தெருவில் ஒரு சைக்கிள் இந்தப் பக்கம் போய், காற்றடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவந்தது. நாங்கள் அப்படியே நின்றோம்.

கடைசியில் அவர் உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து எழுதிக் காட்டினார்: ‘யாரம்மா நீ? காது கேட்காதா?’

தாளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பையில் எட்டாவது நோட்டு இருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ‘காது நன்றாகக் கேட்கும். வாய்தான் வேலை செய்யாது. உங்கள் பல்லைச் செய்பவரின் மகள் நான். உங்கள் பல் நேற்று வீணாகிவிட்டது. வீணாக்கியது நான்’ என்று தொடங்கி, போன் பெண்மணி, புல்லிலிருந்து இறங்கியவை, இருபத்திரண்டு ஜாடி, அப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தது, அண்ணன் வாய்க்குள் ரோடு போட்டது எல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதி, தாளைக் கிழித்து நீட்டினேன். அவர் உள்ளே உட்காரச் சொல்லி ஜாடை காட்டினார்.

அந்த வீட்டில் நான் ஒழித்துக்கட்டிய அத்தனையும் இருந்தன. பிளாஸ்டிக் பூ, மூன்று நாட்காட்டி, ஃபிரிட்ஜில் பழங்கள். அலமாரியில் ஒவ்வொரு டப்பாவிலும் பெரிய எழுத்தில் சர்க்கரை, உப்பு, மாவு. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு எல்லாம் தெரிந்தது. போன் பெண்மணி பார்த்தால் மயங்கி விழுவாள்.

மைக் அக்கா படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் தோள் குலுங்க ஆரம்பித்தார். அழுகிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். கைக்குட்டை நழுவியது. சிரிப்பு. நாலு பல் இல்லாத இடத்தின் வழியாகக் காற்று புஸ் புஸ்ஸென்று வந்தது. சட்டென்று மூடிக்கொண்டார். பிறகு எழுதினார்: ‘வெள்ளிக்கிழமை?’

‘இப்போதே வந்து அச்சு கொடுத்தால் அப்பா முடித்துவிடுவார். அப்பாவின் கை நன்றாகத்தான் இருக்கிறது.’ கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

‘இரு, தலை வாரிக்கொண்டு வருகிறேன்.’

பல் ஆஸ்பத்திரியில் வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். எதிரே அப்பா, துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி.

“முப்பது வருஷ அனுபவம்ங்கறீங்க. கை தவறிடுச்சுன்னா நான் என்ன எடுத்துக்கறது?”

“வயசாகுது டாக்டரம்மா” என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் இவ்வளவு மோசமாக. மைக் அக்கா மடித்து வைத்திருந்த தாளை என் கையில் திணித்தார். நான் நேராகப் போய் டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

“கிளவுஸ் போட்டிருக்கேன்மா, தொட முடியாது. என்ன அது? படி, கேக்கறேன்.”

அவ்வளவுதான். எழுந்து நின்று வாசி. நான் நின்றேன். மேலே மின்விசிறி சுற்றியது. எல்லா ஊர் மின்விசிறிகளுக்கும் என்னைத் தெரியும்போல. டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்து, வேண்டாம் பாப்பா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“ஃபடிம்மா!”

பின்னாலிருந்து வந்தது. மைக் அக்கா கைக்குட்டையை எடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “ஷத்தமா ஃபடி. எனக்கு வெள்ளிக்கிழமை வேலைக்கு ஃபோகணும்!”

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்தேவிட்டார். “அட, இது நம்ம பஸ் ஸ்டாண்ட் குரல்!”

மைக் அக்காவின் முகம் காதுவரை சிவந்தது. ஆனால் கைக்குட்டை மேலே ஏறவில்லை. பத்து நாள் காப்பாற்றிய ரகசியத்தை எனக்காக, என்மேல் வந்த கோபத்திலாவது, ஐந்து பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டு நிற்கிறார். அதற்கு மேலும் நான் சும்மா நின்றால் மனுஷியே இல்லை.

படித்தேன். முதல் இரண்டு வரி இருமல்காரரின் அறிவிப்பு மாதிரி வந்தது. ‘காது நன்றாகக் கேட்கும். வாய்தான் வேலை செய்யாது.’ யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு என்னைக் கொல்லும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போனேன். அக்குள் பவுடர் வந்தபோது ஒரு அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வெக்காதேம்மா, பல்லு வலிக்குது” என்றார். அப்பா கையைத் திருப்பிப் பார்த்த இடத்தில் எனக்குக் குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி பிடித்து, அண்ணனின் கடைவாய்ப்பல் வரை படித்து முடித்தேன்.

டாக்டரம்மா முகத்தைத் திருப்பி முழங்கையால் கண்ணைத் துடைத்தார். உடனே கண்டிப்பானார். “அந்தப் பையன் எங்க? ஈறு வெந்திருக்கும். சாயங்காலம் வரச்சொல்லு.” அப்பாவிடம் திரும்பினார். “இதை ஏன் நீங்க சொல்லலை?”

“என் வீட்டுத் தப்பு என் தப்புதானே.”

“நல்லா இருக்கு போங்க. கை தவறினா நான் வேற ஆளைத் தேடணும். ஜாடி மாறினா லேபிள் ஒட்டினாப் போதும்.” என்னைப் பார்த்தார். “அடுத்த வாரம் நான் வருவேன். ஒரு ஜாடி பேர் இல்லாம இருந்துச்சு, உங்கப்பாவுக்கு வேலை கிடையாது.” பிறகு மைக் அக்காவிடம், “வாங்க, உக்காருங்க. வாயைத் திறங்க. இப்போ பழகியிருக்குமே.”

அன்று மதியம் அப்பா வார்த்தது நாற்பது நிமிஷத்தில் கல்லானது. அதை மேசையில் தட்டி, டொக் டொக்கென்ற சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தார். பிறகு வியாழக்கிழமை சாயங்காலம் பல்லை எடுத்துக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வந்தார். அண்ணனின் ஈறுக்கு டாக்டரம்மா ஒரு களிம்பு கொடுத்தார். ட்யூபில் வந்தது, பிளாஸ்டிக், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் யாரையோ பார்க்கப் போவது ஒரு வாரம் தள்ளிப்போனது. நான் தாளை வெட்டி, பசை தடவி, இருபத்திரண்டு ஜாடிகளுக்கும் பெயர் எழுதினேன். ‘சர்க்கரை. நக்க வேண்டாம்.’ ‘பல்பொடி. கொஞ்சம் போதும்.’ ‘பிளாஸ்டர். அண்ணனுக்கு அல்ல.’ பண்ணை வீடு அத்தோடு ஒழிந்தது. வீடு ஒரு மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது. அம்மா ஒவ்வொரு ஜாடியாகப் படித்துப் பார்த்துச் சிரித்தாள். என் எழுத்து மெத்தையை விட்டு வெளியே வந்து அவள் படித்தது அதுதான் முதல் தடவை. ஆணி நீட்டிய பெட்டியிலும் யாரோ ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்: ‘கடிக்கும்.’ கோணல் எழுத்து. அண்ணன்.

வெள்ளிக்கிழமை காலை நாலு பேரும் ஜன்னலில் நின்றோம். அம்மா செருப்பைக் கையில் வைத்திருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. இருமல் வருமோ என்று பார்த்தோம். மெஷின் வருமோ என்று பார்த்தோம்.

“பழைய பாலம் வழியாகச் செல்லும் பேருந்து, மூன்றாம் நடைமேடையிலிருந்து, சரியாக ஏழு மணிக்குப் புறப்படும்.”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அண்ணன் விசிலடித்தான், ஈறு வலித்து நிறுத்தினான். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காதை வெளியே நீட்டியிருந்தார். மறுபடி அறிவிப்பு வந்தது.

“‘ச’ வரும்போது கொஞ்சம் காத்து போகுது, கேட்டியா?”

எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

“இடப்பக்கத்து ரெண்டாவது பல்லை ஒரு நூலளவு இழைக்கணும். சாயங்காலம் வரச்சொல்லு, போய்ச் சொல்லிட்டு வந்துடு.” நானா என்றுகூட நான் கேட்கவில்லை. அப்பா அறைக்குள் போய், மைக் அக்காவின் பிளாஸ்டர் மாதிரியை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு சீட்டு கட்டி, யாருடையது, எந்தப் பல், என்ன செய்ய வேண்டும் என்று அவரே கிறுக்கி வைப்பது வழக்கம். “இனிமே இதையெல்லாம் நீ எழுது.”

எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆனா இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதேம்மா. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு எழுதின மாதிரி இருக்கு.”